ஆறில்லாத ஊருக்கு என்ன ஆற்றுக் கவலை? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில், கடலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் ஊருக்குள் ஓடுகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரிதான். அதற்கு வந்த கடிதங்களையும் வட்ஸ்அப் செய்திகளையும் அப்படியே போட்டால் சமையல் குறிப்புக்குக்கூட இடம் மிஞ்சாது, ஆசிரியர் என்னைத் தின்றுவிடுவார். ஆகவே இந்த முறை வேறு கேள்விகள் ஒன்றும் இல்லை, எல்லாம் தண்ணீர்தான். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

உடுவில் வாசகர் ஒருவர்: யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. சின்ன வகுப்பில் படிக்கும் என் பேத்திக்கே தெரியும். பிறகு எதற்கு ஐயா ஆற்றையும் கடலையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறீர்கள்? கங்கைக்கரையில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு எழுதுகிறீர்களா?

ஐயா, நீங்கள் உடுவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் வேடிக்கை. மேற்கே கொஞ்சத் தூரம் சைக்கிளை மிதித்தால் வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கம் சேர்கிற மழைநீர் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளம் குளமாகத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் போய் அராலியில் கடல்நீரேரிக்குள் விழுகிறது. மாரியில் மட்டும் ஓடும், வைகாசியில் போய்ப் பார்த்தால் மாடு மேயும், அதனால் நாங்கள் அதை ஆறு என்று மதிப்பதில்லை. மழைக்கு ஓடினாலும் ஆறு ஆறுதான்.

சரி, அதை விடுங்கள். எனக்கு யாழ்ப்பாண நகரத்தின் உண்மையான ஆறு எதுவென்று கேட்டால் வெள்ளவாய்க்கால் என்றுதான் சொல்வேன். ஒரு நகரத்தில் ஆறு என்ன வேலை செய்கிறது? மேட்டில் விழுந்த மழையைக் கடலுக்குக் கொண்டுபோகிறது, போகிற வழியில் ஊர் கொட்டுவதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறது. இந்த இரண்டு வேலையையும் இங்கே செய்வது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தாலும், சந்தைக்குப் பின்னாலும், எங்கள் மதில்களுக்கு அருகாலும் போகிற வாய்க்கால்கள்தான். அவை போய் முடிகிற இடம் பண்ணை, நாவாந்துறை, குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கரைகள். நடுவில் புல்லுக்குளம், ஆரியகுளம், தேவரிக்குளம் மாதிரிக் குளங்கள் இருக்கின்றன. முந்தின காலத்தில் குளத்தில் தண்ணீர் கொஞ்ச நாள் தங்கும், மண் அடியில் படியும், தெளிந்தது மட்டும் வழிந்து போகும். குளத்தை நிரவிக் கடை கட்டினால் அந்த வடிகட்டி போய்விடும், தெருவில் விழுந்தது நேராகக் கடலுக்கு.

மூன்றாவது ஆறு ஒன்றும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், வெடிப்பும் குகையுமாக. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 40 மீற்றருக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்தத் தண்ணீர் அசையாமல் நிற்பதில்லை. மெல்ல மெல்லக் கடல் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அலை அடிக்கிற கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது அல்லவா, அது அந்த ஆற்றின் ஒரு வாய். இன்னும் எத்தனையோ வாய்கள் கடலுக்கு அடியில். ஆக, ஆறில்லாத ஊர் என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

குருநகரில் இருந்து ஒரு தொழிலாளி: ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த அடுத்த நாள், வாய்க்கால் விழுகிற இடத்தில் பொடி மீன்கள் செத்து மிதக்கும். யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு கதை கிளம்பும். உண்மையில் நஞ்சுதானா?

சில வேளை நஞ்சாகவும் இருக்கலாம், பார்க்காமல் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருடமும், முதல் மழையோடு, ஒரே இடத்தில் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மூச்சுத்திணறலை.

மீனும் ஒட்சிசன்தான் எடுக்கிறது, தண்ணீருக்குள் கரைந்திருப்பதை. அது மிகக் கொஞ்சம். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், எங்கள் ஊர்ச் சூட்டில், 30 பாகையில், ஏழரைக்கு இறங்கிவிடும், உப்பு இருந்தால் இன்னும் குறையும். ஆக எங்கள் மீன்கள் ஏற்கனவே சில்லறைக் காசோடு குடும்பம் நடத்துகிற ஆட்கள் மாதிரி. பங்குனியில் இருந்து புரட்டாதி வரை வாய்க்காலில் மழை கழுவாத ஊத்தை சேர்ந்து கிடக்கிறது. சாப்பாட்டுக் கடைத் தண்ணீர், மீன் சந்தைக் கழிவு, அழுகின இலை, மலசலகூடக் குழியில் இருந்து கசிந்தது, எல்லாம் கறுத்த சேறாக. முதல் மழை இந்த ஏழு மாதக் கணக்கை ஒரே இரவில் கடலுக்குள் தள்ளுகிறது. அங்கே பக்றீரியாக்களுக்குப் பந்தி. அவை இந்தக் கழிவைத் தின்று பெருகும்போது தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனை முடித்துவிடுகின்றன. லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு அங்கே நிற்க முடியாது. பெரிய மீன் ஓடித் தப்பும். பொடி மீன் எங்கே ஓடும்?

இதோடு சேர்ந்து உப்பும் திடீரென்று குறையும், சேறு செவுளை அடைக்கும். ஒரு கொலைக்கு மூன்று கொலைகாரர். இனி ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள்: செத்த மீனைப் பார்ப்பதோடு நில்லாமல், விடிய வெள்ளனத் தண்ணீர் மேற்பரப்பில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் காற்றுக்குத் தவிக்கிறது. இரவில் பாசியும் ஒட்சிசனை எடுப்பதால் விடியற்காலைதான் அதற்கு மிக மோசமான நேரம். நஞ்சு என்றால் பெரும்பாலும் நேரகாலம் பார்க்காது, நண்டு இறாலையும் விடாது.

மருந்து? ஆவணியிலேயே வாய்க்காலை அள்ளிவிடுவது, அள்ளினதைக் கரையில் குவித்து வைத்துவிட்டுப் போகாமல் ஏற்றிப் போவது. அள்ளின சேற்றை வாய்க்கால் ஓரத்திலேயே விட்டால் முதல் மழை அதைத் திரும்ப உள்ளே இறக்கும், செலவு செய்த காசு மட்டும் திரும்ப வராது.

திருநெல்வேலியில் இருந்து ஒரு மாணவி: உலகக் கடலில் சேர்கிற பிளாஸ்ரிக்கில் 90 வீதம் பத்தே பத்து ஆறுகளில் இருந்து வருகிறது என்று படித்தேன். அப்படியானால் அந்தப் பத்தைத் துப்பரவாக்கினால் போதுமே, நாங்கள் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?

பிள்ளை, நீர் படித்தது 2017இல் வந்த ஒரு கணிப்பின் சாரம், ஆனால் அதிலும் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. கடலில் சேர்கிற எல்லாப் பிளாஸ்ரிக்கும் அல்ல, ஆறுகள் வழியாக வருவதில் அந்தப் பங்கு. கடற்கரையில் இருந்தே விழுவது, மீன்பிடிப் படகில் இருந்து போகும் வலை எல்லாம் அதற்குள் இல்லை. அப்புறம் 2021இல் இன்னொரு பெரிய கணிப்பு வந்தது. அதன்படி, ஆறுகள் வழியாக வருடத்துக்கு 8 இலட்சம் தொடக்கம் 27 இலட்சம் தொன் வரை கடலுக்குப் போகிறது. அதில் 80 வீதத்தைக் கொண்டுபோவது பத்து ஆறு இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள். அதைவிட முக்கியம், மோசமானவை பெரும்பாலும் பெரிய நதிகள் இல்லை, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நகரங்களுக்குள்ளால் ஓடுகிற சின்ன ஆறுகள்.

காரணம் மிக எளிது. நடு நாட்டில் ஒரு பை ஆற்றில் விழுந்தால் கடலைச் சேருவதற்குள் அது மரவேரில் சிக்கும், கரையில் ஒதுங்கும், அணைக்கட்டில் நிற்கும், வருடக்கணக்கில் வழியிலேயே கிடக்கும். யாழ் நகரத்து வாய்க்காலில் விழுந்த ஒரு சொப்பிங் பை கடலுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? நல்ல மழை என்றால் நீர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் அது போய்ச் சேர்ந்துவிடும். இடையில் தடுக்க ஒன்றும் இல்லை. இந்த முழுத் தீபகற்பத்திலும் கடலில் இருந்து வெகு தூரத்தில் இருக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. ஆக, கணக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

மற்றது, இலங்கையில் சோறு சுற்றுகிற பிளாஸ்ரிக் தாளான லஞ்ச் சீற் 2017இல் தடை, 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சின்னப் பக்கெற்றுகள் பலவற்றுக்கு 2021இல் தடை. இரண்டும் நல்ல சட்டங்கள். மத்தியானம் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்சல் வாங்கிப் பிரித்துப் பாரும், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

நல்லூர் வாசகர்: செத்துப்போன ஆறு திரும்ப உயிர் பெற்றதாக எங்கேயாவது உண்டா? அல்லது எல்லாம் மேடைப் பேச்சா?

உண்டு. இலண்டன் தேம்ஸ். 1858 கோடையில் அது நாறின நாற்றத்தில் பாராளுமன்றம் இயங்க முடியாமல் திண்டாடியது, அதற்குப் பிறகுதான் பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குக் காசு ஒதுக்கினார்கள். மூக்கில் பட்டால்தான் அரசாங்கத்துக்கு உறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அப்படியும் ஊர் பெருத்துப் பெருத்து, 1957இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர் ஆற்றின் ஒரு பகுதியில் உயிரே இல்லை என்று சொல்கிற நிலைக்குப் போனது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தினார்கள், தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தினார்கள். 1974இல் ஒரு சால்மன் மீன் கிடைத்தது, ஒன்றரை நூற்றாண்டாக அங்கே காணாத மீன். இன்று கழிமுகத்தில் கடல்நாய் படுத்து வெயில் காய்கிறது, கடற்குதிரையும் இருக்கிறது. ஆனாலும் மழை கூடினால் கழிவு ஆற்றுக்குள் வழிந்தபடிதான் இருந்தது. அதற்காக 25 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்துக்குக் கீழே புதிதாக ஒரு சுரங்கக் குழாயே அண்மையில் கட்டி முடித்திருக்கிறார்கள். ஆக, உயிர் கொடுத்த பிறகும் பராமரிப்புச் செலவு உண்டு.

சிங்கப்பூர் இன்னொன்று. 1977இல் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார், 1987இல் முடித்துக் காட்டினார்கள். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருக்கடைகள், ஆற்றங்கரைக் குடிசைகள் எல்லாம் கிளப்பப்பட்டன. ஆறு துப்பரவானது உண்மை. கிளப்பப்பட்டவர்களிடம் கேட்டால் அவர்கள் கதை வேறு மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. இங்கே அதைப் படி எடுக்க நினைப்பவர்கள் இரண்டாவது வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கொக்குவில் ஆசிரியை ஒருவர்: எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணைக் கரையைத் துப்பரவு செய்தோம். இருபது பைகள் நிறைந்தன, படமும் எடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனால் பழையபடி அதே குப்பை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்.

ரீச்சர், பைப்பைப் பூட்டாமல் நிலத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தால் யாருக்கும் சோர்வு வரத்தான் செய்யும். பிழை பிள்ளைகளில் இல்லை. கடற்கரைத் துப்பரவு என்பது இந்த நாட்டில் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது, தொப்பி, ரீசேட், பதாகை, பிறகு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர். (உங்களைச் சொல்லவில்லை.) அடுத்த முறை அதே பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகாமல் வாய்க்காலுக்குக் கூட்டிப் போங்கள்.

ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அது விழுகிற வாயில் இருந்து மேலே மேலே நடந்து வாருங்கள். எந்தச் சந்தியில் போத்தல் கூடுகிறது, எங்கே எண்ணெய் மினுங்குகிறது, எந்த வீட்டுக் குழாய் மதிலைத் துளைத்துக்கொண்டு வருகிறது, எங்கே கராஜ் பழைய ஒயிலை ஊற்றுகிறது, கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், இடம் மட்டும். ஒரு கிலோமீற்றர் நடந்தால் போதும், குப்பைக்கு ஊர்ப் பெயர் வந்துவிடும். அதைக் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்தால் கரையில் எடுத்த படத்தைவிட அதற்குப் பலம் கூட.

இன்னொன்று, வாய்க்கால் வாயில் வலை கட்டுவது. அவுஸ்திரேலியாவில் சில நகரங்களில் மழைநீர்க் குழாய் வாயில் பெரிய காலுறை மாதிரி வலைப் பை மாட்டியிருக்கிறார்கள், நிறைந்ததும் பாரந்தூக்கியால் தூக்கிக் கொட்டுகிறார்கள். இங்கே பாரந்தூக்கிக்குப் போக வேண்டியதில்லை. பழைய வலை, நாலு கம்பி, வலை முடியத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால் பரீட்சித்துப் பார்க்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும்: கண் மிகச் சின்னதாக இருந்தால் மீன் குஞ்சும் சிக்கும், மழை கூடும்போது தண்ணீர் பின்வாங்கி வீடுகளுக்குள் ஏறும். ஆகவே கண் பெரிதாக இருக்க வேண்டும், மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் அள்ள ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் கட்டவே வேண்டாம்.

தொண்டைமானாற்றில் இருந்து ஒருவர்: எங்கள் தடுப்பணையால் மீன் உள்ளே வர முடியவில்லை என்று தொழில் செய்பவர்கள் சொல்கிறார்கள். கதவைத் திறந்தால் கிணறு உவர்க்கும் என்று தோட்டக்காரர் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி. அதுதான் தலைவலி.

சந்நிதிக் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆற்றை மறித்து வரிசையாகக் கதவுகள். மாரியில் சேர்கிற நல்ல தண்ணீரை வடமராட்சிக் கடல்நீரேரியில் மறித்து வைத்து, கடல் உப்பு உள்ளே ஏறாமல் தடுத்தால், சுற்றி இருக்கிற நிலமும் கிணறும் காலப்போக்கில் நன்னீராகும் என்பது எண்ணம். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த, யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்கிற பெரிய திட்டத்தில் இதுவும் ஒரு கண்ணி: கனகராயன் ஆறு வந்து விழுகிற ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் பக்கம் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக்குக் கொண்டுவருவது. முழுதாக நிறைவேறவே இல்லை. ஒரு தலைமுறை அதைக் கனவு கண்டது, இன்னொரு தலைமுறை அதைப் பற்றிக் கூட்டம் வைத்தது.

இனி மீன் பக்கம். வெள்ளை இறாலையும் புலி இறாலையும் எடுங்கள். தாய் இறால் முட்டை விடுவது வெளிக்கடலில். குஞ்சு இரண்டு மூன்று கிழமையில் ஒரு சென்ரிமீற்றர் அளவாகி, வற்றுப்பெருக்கோடு கழிமுகத்துக்குள் நுழையும், உள்ளே சேறும் புல்லும் கண்டலும் இருக்கிற ஆழம் குறைந்த தண்ணீரில் சில மாதம் வளர்ந்து, பிறகு திரும்பக் கடலுக்குப் போகும். மணலை, திரளி, கொடுவா, பால்மீன், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வயதில் இந்தப் போக்குவரத்து உண்டு. கடலும் ஆறும் அவற்றுக்கு இரண்டு இடமில்லை, ஒரே வீட்டின் கூடமும் அடுப்படியும். நடுவில் கதவைப் பூட்டிவிட்டுப் பிள்ளை வளரவில்லையே என்றால் எப்படி வளரும்?

என் அபிப்பிராயம் கேட்டால்: கதவு வேண்டும், ஆனால் திறக்கிற நாள்காட்டியை நீர்ப்பாசனக்காரர் மட்டும் வைத்திருக்கக் கூடாது. மாரி உச்சத்தில் உள்ளே தண்ணீர் உயர்ந்து கடலை நோக்கித் தள்ளுகிற நாட்களில் கொஞ்சம் திறந்து விட்டால் உப்பு அவ்வளவாக ஏறாது, குஞ்சுக்கும் கரையோரம் இடைவெளி கிடைக்கும். எந்த மாதத்தில் குஞ்சு வருகிறது என்பது அந்தப் பகுதியில் இறால் பிடிக்கிறவருக்குத் தெரியும், உப்பு எவ்வளவு ஏறுகிறது என்பது தோட்டக்காரர் கிணற்றில் தெரியும். இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மற்றப் பாதி, கதவுகளைப் பழுது பார்த்து வைத்திருப்பது.

பாசையூரில் இருந்து நண்டு பொறுக்குகிற பெண் ஒருவர்: நண்டு குறைகிறது. எல்லாவற்றுக்கும் ஊர்க் குப்பைதான் காரணம் என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். அப்படியா?

இல்லை அக்கா, எல்லாவற்றுக்கும் இல்லை. வாய்க்காலைத் திட்டிக்கொண்டு, இழுவைமடி இழுக்கிற ரோலர் படகை மறந்தால் அது அநியாயம். கடலடியை உழுதுகொண்டு போகிற இழுவைமடி, எந்தக் கரையில் இருந்து வந்தாலும், நண்டுக் குஞ்சு ஒளிகிற கடற்புல்லை வேரோடு பிடுங்குகிறது. இலங்கையில் 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்தார்கள், கடலில் தடை ஆனதா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். சினையோடு இருக்கிற நண்டைப் பிடிப்பதும் ஒரு காரணம். சினை நண்டு முட்டை பொரிக்க உப்புக் கூடின ஆழக் கடலுக்குப் போகிறது. அதைப் போகிற வழியில் மறித்தால் பல இலட்சம் முட்டை சட்டிக்குள்.

ஆனால் கடற்புல்லுக்கு ரோலர் மட்டும் எதிரி இல்லை. புல்லுக்கு வெயில் வேண்டும். தோட்டத்து யூரியாவும் மலக்குழிக் கசிவும் நிலத்தடித் தண்ணீரோடும் வாய்க்காலோடும் கடலுக்கு வந்தால், பாசி பெருத்து இலையின் மேல் போர்வை மாதிரி மூடும், தண்ணீர் கலங்கும், புல் மெல்லச் செத்துவிடும். பிறகு ஓராவுக்கு மேய இடமில்லை, நண்டுக் குஞ்சுக்கு ஒளிய இடமில்லை, பாக்கு நீரிணையில் மிச்சம் இருக்கிற ஆவுளியாவுக்கு, அதுதான் கடற்பசு, சாப்பாடு இல்லை. பாலங்களும் தெருக்களும் கடல்நீரேரியைத் துண்டு துண்டாக்கி வைத்திருப்பதால் வந்த ஊத்தை வெளிக்கடலோடு கலந்து போகவும் நாள் எடுக்கும். ரோலர் ஒரே நாளில் செய்வதை இது பத்து வருடத்தில் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முந்தினதற்கு உண்ணாவிரதம் இருக்கலாம், பிந்தினதற்கு யார் வீட்டு வாசலில் இருப்பது?

கனடாவில் இருந்து ஒருவர்: ஊரில் புது வீடு கட்டுகிறோம். நாலு அறை, நாலிலும் பாத்ரூம். இரண்டு பரப்புக் காணி, கிணறும் உண்டு. இதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

உங்கள் கிணற்றுக்குச் சம்பந்தம் இருக்கிறது, அதன் பிறகு கடலுக்கும். யாழ் நகரத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வலைப்பின்னல் இல்லை, எல்லாம் அவரவர் வளவுக்குள்தான். சுண்ணாம்புக் கல் மண் மாதிரி வடிகட்டாது, வெடிப்பு வழியாகக் கழிவு நேரே இறங்கும். அடி மூடாத குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் இரண்டு பரப்புக் காணியில் எவ்வளவு தூரம் விடுவீர்கள்? பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுங்கள். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, தோட்டம் செய்கிற பகுதிகளிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் அதைத் தாண்டின கிணறுகள் எங்கள் ஊரில் நிறைய. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

நாலு பாத்ரூமைக் குறைக்கச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். அடியும் பக்கமும் நீர் ஒழுகாமல் பூசின இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள், நிறைந்தால் பவுசர் வந்து இழுக்க வழி விடுங்கள், குளிக்கிற தண்ணீரை வாழைக்கு விடுங்கள். பளிங்குக்கல் நிலத்துக்குச் செலவழிக்கிற காசில் ஒரு துண்டு போதும். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கப்போகிற வீடு என்றாலும் அந்த ஒரு மாதம் நீங்கள் குடிக்கப்போவதும் அந்தக் கிணற்றைத்தான்.

நீர்வேலி வாசகர்: 2021இல் கொழும்புக்குப் பக்கத்தில் எரிந்த கப்பலில் இருந்து கொட்டின பிளாஸ்ரிக்கோடு பார்த்தால் எங்கள் சொப்பிங் பை எல்லாம் தூசு. இல்லையா?

எக்ஸ்பிறஸ் பேர்ள். சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணி. உண்மை, பெரிய அநியாயம். ஆனால் அது ஒரு முறை நடந்தது, அதற்கு வழக்கு இருக்கிறது, நட்டஈடு கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. உங்கள் பைக்கு?

சண்டிலிப்பாயில் இருந்து ஏழாம் வகுப்பு மாணவன்: மழைக்கு வழுக்கையாற்றில் பாம்பு மாதிரி ஒரு மீன் கண்டேன். அப்பா விலாங்கு என்கிறார், மாமா ஆரல் என்கிறார். விலாங்கு கடலில்தான் முட்டையிடும் என்று ரீச்சர் சொன்னவ. கடலில் இருந்து எப்படி எங்கள் ஊர் வயலுக்கு வரும்?

தம்பி, இந்த இதழில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ரீச்சர் சொன்னது சரி. விலாங்கு நன்னீரில் வருடக்கணக்காக வளரும், வளர்ந்து முடிந்ததும் ஆற்று வழியாக இறங்கி ஆழக் கடலுக்குப் போய் முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும். குஞ்சு முதலில் இலை மாதிரித் தட்டையாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நீரோட்டத்தில் மாதக்கணக்காக மிதந்து கரைக்கு வந்து, மெல்லிய கண்ணாடிப் புழு மாதிரி மாறி, நல்ல தண்ணீர் வருகிற மணத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஈரம் இருந்தால் புல்லுக்குள்ளாலும் கொஞ்சத் தூரம் ஊர்ந்துவிடும், பெரிய கெட்டிக்காரன். அராலியில் வழி திறந்திருந்து, நடுவில் பை அடைக்காமல் இருந்தால் சண்டிலிப்பாய் அதற்குத் தூரமே இல்லை.

ஆனால் நீ கண்டது விலாங்குதானா? ஆரலுக்கு மூக்கு நீண்டு கூராக இருக்கும், முதுகில் சின்னச் சின்ன முள் வரிசையாக நிற்கும். விலாங்குக்கு முதுகில் முள் இல்லை, வழுவழு என்று இருக்கும், முதுகுச் செட்டை வால் சுற்றி வயிற்றுப் பக்கம் வரை ஒரே நாடாவாக ஓடும். ஆரல் உள்ளூர்க்காரன், கடலுக்குப் போகாது. அடுத்த மழைக்குத் திரும்பக் கண்டால் மூக்கைப் பார், கையால் முதுகைத் தடவாதே, ஆரல் என்றால் குத்திவிடும். அப்பா வென்றாரா மாமா வென்றாரா என்று எனக்கு எழுது.